பழைய கணினிக்கு எடை குறைந்த லினக்ஸ்: தயாரிப்பதும் சோதிப்பதும்

கேள்வி இதுதான்: "எங்கள் ஊர் நூலகத்தில் பழைய இன்டெல் கோர் 2 டுவோ மேசைக்கணினிகளும், ஆட்டம் (Atom) பிராசஸர் கொண்ட சில நெட்புக்குகளும் சும்மா கிடக்கின்றன. ரேம் 1 ஜிபி, அல்லது 2 ஜிபி. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இந்தக் கணினிகளுக்கென்று, தமிழ் வசதியோடு, எடை குறைந்த ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பை, நாங்களே தயாரிக்கலாமா? எங்கே தொடங்குவது, எப்படிச் சோதிப்பது?"

தாராளமாகத் தயாரிக்கலாம். ஆனால் நேரம் எதில் போகப்போகிறது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இன்றிருக்கும் கருவிகளை வைத்து ஓர் ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது பென்டிரைவில் எழுதி பூட் செய்யும் முழு அமைப்பின் பிம்பத்தை, உருவாக்குவது சனி, ஞாயிறில் முடிகிற வேலை. அந்த ஐஎஸ்ஓ உங்களிடம் உள்ள ஒவ்வொரு பெட்டியிலும் பூட் ஆகிறதா, வைஃபை பிடிக்கிறதா, உலாவி திறந்ததும் கணினி உறைந்துபோகாமல் இருக்கிறதா, அடுத்த அப்டேட்டுக்குப் பிறகும் இதெல்லாம் நடக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். எடை குறைந்த டிஸ்ட்ரோவைத் தயாரிப்பதில் பெரும்பகுதி சோதனைதான் என்பது என் உறுதியான கருத்து. அதனால் இந்தப் பதிலிலும் சோதனைக்கே அதிக இடம் தருகிறேன்.

முதலில் பெட்டிகளைப் பாருங்கள். பல வருடம் ஓடிய கணினியில் ஒரு கோளாறு வந்தால், அது மென்பொருளாலா வன்பொருளாலா என்று சொல்வது கடினம். ரேமில் ஓரிடம் கெட்டிருந்தால் உலாவி காரணமே இல்லாமல் மூடிக்கொள்ளும். நீங்கள் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பீர்கள். எனவே எந்த டிஸ்ட்ரோவையும் தொடும் முன், ஒவ்வொரு கணினியிலும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓர் இரவு முழுக்க ஓடட்டும். ஹார்டு டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையை எடுத்து, கெட்டுப்போனதால் இடம் மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா என்று கவனியுங்கள். ஏறினால் அந்த டிஸ்க்கைக் கழற்றிவிடுவதுதான் நல்லது. கோர் 2 டுவோ பெட்டிகளில் பெரும்பாலும் சாட்டா இணைப்பு இருக்கும். அதில் சிறிய எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் கிடைக்கும் வேகத்தை எந்த டிஸ்ட்ரோவாலும் தர முடியாது. பணம் இருந்தால் முதல் செலவு அதுவாகவே இருக்கட்டும். என்270 ஆட்டம் கொண்ட நெட்புக்குகளின் 945ஜிஎஸ்இ சிப்செட் 2 ஜிபிக்கு மேல் ரேம் ஏற்காது. அங்கே 1 ஜிபியை 2 ஆக்கலாம், அதற்கு மேல் வழியில்லை.

அப்புறம் சிமாஸ் பேட்டரி, அதாவது மதர்போர்டில் இருக்கும் அந்த சிஆர்2032 பட்டன் செல். சின்ன விஷயம்தான், ஆனால் பழைய கணினியில் லினக்ஸ் போட்டவர்களை இவ்வளவு குழப்பிய வேறொன்று இல்லை. செல் செத்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் கணினியின் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். லினக்ஸ் நன்றாக பூட் ஆகும், வைஃபையும் இணையும். ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் உலாவி பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும். தளத்தின் சான்றிதழ் இந்த வருடம் வழங்கப்பட்டது. கணினியோ 2008 என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. இன்னும் செல்லுபடியாகத் தொடங்காத சான்றிதழ் என்று அதை ஒதுக்குகிறது. மென்பொருளைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட்டும் இதே காரணத்தால் நின்றுவிடும். உட்கார்ந்திருப்பவர் சொல்வது "இந்த லினக்ஸில் நெட் வரவில்லை" என்பதாக இருக்கும்.

செல்லை மாற்றுங்கள், சரி. ஆனால் நாளை இன்னொரு பெட்டியில் செல் சாகும். எனவே டிஸ்ட்ரோவே இதைத் தாங்க வேண்டும். பல டிஸ்ட்ரோக்களுக்கு அடிப்படையான டெபியனில் ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக் என்ற பேக்கேஜ் (மென்பொருள் பொதி) இருக்கிறது. கணினி அணையும்போது நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்து, அடுத்த பூட்டில் கடிகாரம் அதற்குப் பின்னால் இருந்தால் முன்னுக்குத் தள்ளும். ஐஎஸ்ஓ தயாரிக்கும்போதே அந்தக் கோப்பில் அன்றைய தேதியை எழுதிவிடுங்கள். அதோடு இணையத்திலிருந்து நேரம் பெறும் க்ரோனியைச் சேர்த்து, எவ்வளவு பெரிய வித்தியாசமானாலும் ஒரே தடவையில் சரிசெய்யும்படி அமையுங்கள். இதைச் சோதிப்பது எளிது: பயாஸில் வேண்டுமென்றே 2005 என்று தேதி வைத்து பூட் செய்யுங்கள். இந்தச் சோதனையில் தேறாத ஐஎஸ்ஓவை வெளியே கொடுக்கக் கூடாது.

இனி, எதன் மேல் கட்டுவது என்ற கேள்வி. பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டாம். நீங்களே கம்பைல் செய்து சேர்க்கும் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் பாதுகாப்பு அப்டேட் தரும் பொறுப்பும் உங்கள் தலையில் வந்து விழும். நாலைந்து தன்னார்வலர்கள் உலாவிக்கும், இணையப் பாதுகாப்புக்கான ஓபன்எஸ்எஸ்எல்லுக்கும் வருடக்கணக்கில் பேட்ச் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

பழைய கணினி என்றதும் பலரும் பப்பி லினக்ஸைச் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி காவ்லர் 2003-இல் தொடங்கியது. ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பாகச் சுருக்கப்பட்ட முழு அமைப்பையும் ரேமில் ஏற்றிவிட்டு, டிஸ்க்கைத் தொடாமலே ஓடும். மெதுவான ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் அது சட்டென்று வேலை செய்வதற்குக் காரணம் இதுதான். வூஃப்-சிஇ என்ற அதன் தயாரிப்புக் கருவியை வைத்து டெபியன், உபுண்டு, ஸ்லாக்வேர் பேக்கேஜுகளிலிருந்தே ஒரு பப்பியை உருவாக்கலாம். நல்ல வேலைப்பாடு, படித்துக் கற்க வேண்டியது. ஆனால் இயல்பாகவே எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் பயனராக ஓடுகிற ஒன்றை, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரும் நூலகத்தில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். டைனி கோர் என்ற டிஸ்ட்ரோ 20 எம்பி சொச்சத்தில் டெஸ்க்டாப்பையே தந்துவிடும். லினக்ஸ் எப்படி பூட் ஆகிறது என்று ஆழமாகப் புரிந்துகொள்ள அதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. ஆனால் தினசரிப் பராமரிப்பு உங்கள் தன்னார்வலர்களுக்குச் சுமையாகிவிடும்.

என் பரிந்துரை ஆன்டிஎக்ஸ். 2007 முதல் வருகிறது. டெபியன் அடிப்படை, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி கிடையாது, ஐஸ்டபிள்யூஎம் விண்டோ மேலாளர். 2023-இல் வந்த ஆன்டிஎக்ஸ்-23, டெபியன் 12-இன் மேல் அமைந்தது. பழைய வன்பொருளுக்காக 5.10 வரிசைக் கர்னலையும், புதியவற்றுக்காக 6.1 வரிசையையும் தருகிறது. பாதுகாப்பு அப்டேட்டுகளில் பெரும்பகுதி டெபியனிலிருந்தே வந்துவிடும். எல்லாவற்றையும்விட, ஓடிக்கொண்டிருக்கும் கணினியை அப்படியே ஐஎஸ்ஓவாக மாற்றும் ஐஎஸ்ஓ-ஸ்னாப்ஷாட் கருவியும், லைவ் பென்டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமல் நேரடியாக ஓடுவது) செய்த மாற்றங்களை அதன் அமைப்பிலேயே நிலையாகச் சேர்க்கும் ரீமாஸ்டர் கருவியும் அதிலேயே இருக்கின்றன. தேவையற்றதை நீக்கி, வேண்டியதைச் சேர்த்து, ஸ்னாப்ஷாட் எடுத்தால் உங்கள் முதல் வெளியீடு தயார். பிறகு கை தேறியதும், அதே பட்டியலை லைவ்-பில்ட் கருவியைக் கொண்டு டெபியனிலிருந்து நேரடியாகத் தயாரிக்கும் ஸ்கிரிப்டாக எழுதிக்கொள்ளலாம். கையால் செய்த மாற்றங்கள் மறந்துபோகும். ஸ்கிரிப்டில் இருப்பவை மறக்காது. அதனால் இந்த இரண்டாம் கட்டத்துக்குச் சீக்கிரமே வந்துவிடுவது நல்லது.

டாம் ஸ்மால் லினக்ஸ் என்று ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? 50 எம்பிக்குள் முழு டெஸ்க்டாப். நின்றுபோன அது 2024-இல் திரும்பி வந்தபோது ஆன்டிஎக்ஸ்-23-ஐ அடிப்படையாக எடுத்துக்கொண்டு, ஒரு சிடியில் அடங்கும் 700 எம்பியை எல்லையாக வைத்தது. சிறியதாக்குவதில் பெயர் பெற்ற ஒரு திட்டமே அங்கே வந்து நின்றதைப் பார்த்தால், ஐஎஸ்ஓ அளவை 100 எம்பி குறைக்க நீங்கள் மெனக்கெடத் தேவையில்லை என்பது புரியும்.

32 பிட்டா 64 பிட்டா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். இதில் காலம் உங்களுக்கு எதிராக ஓடுகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிகளுக்கு இன்ஸ்டாலரும் இல்லை, கர்னலும் இல்லை. டெபியன் 12-க்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. கூகுள் குரோம் 2016-லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. மோசில்லா, பயர்பாக்ஸ் 144-ஓடு 32 பிட் லினக்ஸ் பதிப்பை நிறுத்திவிட்டது. நீண்டகால ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆர் 140-க்கு மட்டும் குறைந்தது 2026 செப்டம்பர் வரை அப்டேட் உண்டு என்று அறிவித்தது. எனவே உண்மையிலேயே 32 பிட் மட்டும் தெரிந்த பிராசஸர்கள் உங்களிடம் எத்தனை என்று எண்ணுங்கள். கோர் 2 டுவோ அனைத்தும் 64 பிட். ஆட்டம் என்270, என்280 இரண்டும் 32 பிட் மட்டும். என்450, என்455 வந்தபோது 64 பிட் வந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் எல்எஸ்சிபியு (lscpu) கட்டளையின் கொடிகளில் (flags) "எல்எம்" (lm) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 64 பிட்.

ரேம் 1 ஜிபி என்றால் 32 பிட் கொஞ்சம் குறைவாகத் தின்னும் என்பது உண்மைதான். ஆனாலும் 64 பிட் ஓடக்கூடிய பெட்டியில் நான் 64 பிட்தான் போடுவேன். சில எம்பி மிச்சத்துக்காக, அப்டேட் வராத உலாவியை வாங்கிக்கொள்ள வேண்டாம். என்270 பெட்டிகளுக்கு மட்டும் டெபியன் 12 அடிப்படையில் ஒரு 32 பிட் ஐஎஸ்ஓ வைத்துக்கொள்ளுங்கள். 2028 வரைதான் என்று நூலகத்திடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு அவற்றை இணையம் இல்லாத வேலைக்கு, எடுத்துக்காட்டாக நூல் பட்டியல் தேடவோ தட்டச்சு பழகவோ, ஒதுக்கலாம். பென்டியம் எம் மடிக்கணினி ஏதாவது வந்து சேர்ந்தால் இன்னொரு சிக்கல். அதன் சில வகைகளில் பிஏஇ (32 பிட்டில் 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தை அணுகும்) வசதி இருந்தும் பிராசஸர் அதை அறிவிக்காது. கர்னல் பூட் ஆக மறுக்கும். பூட் வரியில் ஃபோர்ஸ்-பிஏஇ தேர்வைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பிஏஇ இல்லாத கர்னலைப் போட வேண்டும்.

64 பிட் என்றாலே எல்லாம் ஓடிவிடும் என்றும் நினைக்காதீர்கள். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-உம் அதிலிருந்து கிளைத்தவையும் எக்ஸ்86-64-வி2 என்ற பிராசஸர் மட்டத்தைக் கேட்கின்றன. அதற்கு எஸ்எஸ்இ 4.2 என்ற பிராசஸர் கட்டளைத் தொகுப்பு வேண்டும். கோர் 2 டுவோவில் அது கிடையாது. டெபியன் இன்னும் பழைய அடிமட்டத்துக்கே கம்பைல் செய்கிறது. உங்களுக்கு டெபியன் வழி சரிவருவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

சரி, ஐஎஸ்ஓ ஒன்று கையில் இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

முதலில் ஒரு பழக்கத்தை விட்டுவிடுங்கள்: டெஸ்க்டாப் வந்ததும் ரேம் எவ்வளவு எடுத்திருக்கிறது என்று பார்த்து, அந்த எண்ணைக் குறைப்பதையே இலக்காக்குவது. யாரும் வெறும் டெஸ்க்டாப்பைப் பார்த்துக்கொண்டு உட்காருவதில்லை. ஐஸ்டபிள்யூஎம்முக்குப் பதில் கொஞ்சம் பெரிய டெஸ்க்டாப்பான எக்ஸ்எஃப்சிஇ போட்டால் கூடும் நினைவகத்தை, கனமான ஒரு தளத்தின் ஒரே டேப் தின்றுவிடும். நீங்கள் அளக்க வேண்டியது ஒரு வேலை நாள். பூட் செய்து, உலாவியில் தமிழ் விக்கிபீடியா, மின்னஞ்சல், அரசு சேவைத் தளம் ஒன்று என மூன்று டேப் திறந்து, லிப்ரே ஆபிஸில் ஒரு கடிதம் தட்டச்சு செய்து, அதை பிடிஎஃப் ஆக்கி, பென்டிரைவில் போடுங்கள். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிவைத்து, எல்லாப் பெட்டியிலும் எல்லா வெளியீட்டிலும் அதையே செய்யுங்கள். ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். பக்கத்தில் ஒரு டெர்மினலில், நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் விஎம்ஸ்டாட் ஓடட்டும். ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடமான ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவதும் வெளியே போவதும் தொடர்ந்து பெரிய எண்களாக இருந்தால், அந்தக் கணினி வேலை செய்யவில்லை, டிஸ்க்கோடு மல்லுக்கட்டுகிறது என்று பொருள்.

இங்கேதான் இசட்ரேம் கைகொடுக்கும். ரேமின் ஒரு பகுதியையே சுருக்கப்பட்ட ஸ்வாப்பாகப் பயன்படுத்தும் வசதி. 2014 முதல் கர்னலிலேயே நிலையாக இருக்கிறது. பயன்பாட்டில் இல்லாத பக்கங்களை மெதுவான டிஸ்க்குக்கு அனுப்பாமல், சுருக்கி ரேமிலேயே வைத்துக்கொள்ளும். 1 ஜிபி கணினியில் உலாவியைத் திறந்து வைத்துக்கொள்ள முடிவதும் முடியாததும் பெரும்பாலும் இதைப் பொறுத்தே இருக்கும். சுருக்குவதற்கு எந்த முறை என்பதைப் பெட்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கோர் 2 டுவோ அதிகம் சுருக்கும் இசட்எஸ்டிடியைத் தாங்கும்; ஆட்டமில் வேகமான எல்இசட்4 வைத்தால் பிராசஸருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். இசட்ரேம் இருக்கும்போது ஸ்வாப்பை எவ்வளவு நாடுவது என்று சொல்லும் ஸ்வாப்பினஸ் அளவை 100-க்கு மேல் ஏற்றலாம், 5.8 கர்னலிலிருந்து 200 வரை அனுமதி உண்டு. கூடவே எர்லிஊம் பேக்கேஜையும் போடுங்கள். நினைவகம் தீரும் தறுவாயில் லினக்ஸ் தானாக முடிவெடுப்பதற்குள் கணினி நிமிடக்கணக்கில் உறைந்து நிற்கும். பயனர் பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்திவிடுவார். எர்லிஊம் அதற்கு முன்பே, அதிகம் தின்னும் ஒரு டேப்பை மூடிவிடும். ஒரு டேப் போவது பரவாயில்லை, எழுதிய கடிதம் போகக் கூடாது.

ஸ்குவாஷ்எஃப்எஸ் சுருக்கத்திலும் இதே கணக்குதான். எக்ஸ்இசட் முறை ஐஎஸ்ஓவை மிகச் சிறியதாக்கும், ஆனால் ஒவ்வொரு முறை நிரல் திறக்கும்போதும் விரிக்க அதிக நேரம் எடுக்கும். லைவ் முறையில் ஓடும் ஆட்டமில் இது கண்ணுக்கே தெரியும். இசட்எஸ்டிடி கொஞ்சம் பெரிய கோப்பு தரும், திறப்பது வேகம். பதிவிறக்க அளவைவிட தினமும் உட்காருபவரின் நேரம் முக்கியம்.

மெய்நிகர் கணினியில் சோதிப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். கணினியைப் போலிசெய்யும் கியூஎமு நிரலில் என்270, கோர்2டுவோ, பென்டியம்3 என்ற பிராசஸர் மாதிரிகளே இருக்கின்றன. உண்மையான பிராசஸரையே நேரடியாகப் பயன்படுத்தும் கேவிஎம் இல்லாமல் அந்த மாதிரியில் ஓடவிட்டால், பழைய பிராசஸருக்குத் தெரியாத கட்டளையைப் பயன்படுத்தும் நிரல் பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடும். ஒவ்வொரு ஐஎஸ்ஓவையும் பென்டிரைவில் எழுதும் முன் இந்தச் சோதனையை ஸ்கிரிப்டாக ஓட்டுவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அத்தோடு அதன் பயன் முடிந்தது. மெய்நிகர் கணினியில் வைஃபை அட்டை இல்லை, பழைய கிராஃபிக்ஸ் இல்லை, யூஎஸ்பி பூட் தெரியாத பயாஸ் இல்லை, மூடியை மூடித் திறந்தால் விழிக்காத திரை இல்லை. பழைய கணினியில் நடக்கும் கோளாறுகள் எல்லாம் இந்த இடங்களில்தான்.

வைஃபையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மடிக்கணினிகளில் பிராட்காம் பிசிஎம்4311, 4312 அட்டைகள் நிறைய. டெபியன் 12-இன் அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓவில் பல நிறுவனங்களின் ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஏற்றும் சிறு மென்பொருள்) உள்ளேயே வந்துவிட்டது. ஆனால் இந்த அட்டைகளுக்கான பி43 ஃபர்ம்வேரை மறுவிநியோகம் செய்ய அனுமதி இல்லாததால், அதை இணையத்திலிருந்து இறக்கித்தான் போட வேண்டும். இணையம் வருவதற்கே அந்த ஃபர்ம்வேர் வேண்டும்! எனவே சோதனை மேசையில் ஒரு நெட்வொர்க் கேபிளும், ஃபர்ம்வேர் தேவைப்படாத ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிளும் எப்போதும் இருக்கட்டும். பிராட்காமின் இன்னொரு டிரைவர் டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக ஒவ்வொரு கர்னலுக்கும் புதிதாகக் கம்பைல் ஆக வேண்டும். கர்னல் புதுப்பித்த மறுநாள் வைஃபை காணாமல் போவது இதனால்தான். அதனால் புதிதாக இன்ஸ்டால் செய்து பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். முந்தைய வெளியீட்டை ஒரு பெட்டியில் போட்டு, அப்டேட் செய்து, மறுபடி பூட் செய்து பாருங்கள். பழைய கர்னல் ஒன்று பூட் மெனுவில் எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும்.

நெட்புக்குகளில் மறக்கக் கூடாதது திரை. 1024-க்கு 600. இன்றைய நிரல்களின் பல உரையாடல் பெட்டிகள் 600 புள்ளிகளைவிட உயரமானவை. "சரி" பட்டன் திரைக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். இன்ஸ்டாலரில் "அடுத்து" பட்டனே தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸால் விண்டோவை மேலே இழுக்கலாம் என்பது நமக்குத் தெரியும். நூலகத்துக்கு வரும் பிள்ளைக்குத் தெரியாது. பிரிண்டர் அமைப்பு, வைஃபை அமைப்பு, கோப்பு சேமிக்கும் பெட்டி ஒவ்வொன்றையும் இந்த அளவில் திறந்து பாருங்கள். எழுத்துரு அளவைக் கொஞ்சம் குறைத்தாலே பாதி பிரச்சினை தீரும். ஆனால் தமிழ் எழுத்தை ரொம்பவும் குறைத்தால் 'ண'வும் 'ன'வும் பிரித்துத் தெரியாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராஃபிக்ஸில் இரண்டு விஷயம். ஆட்டம் இசட்520, இசட்530 வகை நெட்புக் இருந்தால் அதிலுள்ள ஜிஎம்ஏ 500 இன்டெல் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது வேறு நிறுவனத்தின் பவர்விஆர். திரை வரும், முடுக்கம் வராது. வீடியோ அதில் எதிர்பார்க்க வேண்டாம். இன்னொன்று, 2022-இல் வந்த மெசா 22.0 என்ற கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பு, பழைய கிளாசிக் டிரைவர்களை முதன்மைக் கிளையிலிருந்து நீக்கி ஆம்பர் என்ற தனிக் கிளைக்கு அனுப்பியது. இன்டெலின் 945-க்கும் கோர் 2 டுவோ காலத்து ஜி45-க்கும் மாற்று டிரைவர்கள் வந்துவிட்டன. பழைய ரேடியான் ஆர்100, ஆர்200 அட்டைகளுக்கு வரவில்லை. வீடியோவைப் பொறுத்தவரை, உலாவிக்குள் ஓட்டாமல் எம்பிவி பிளேயரில் 480பி, ஹெச்.264 வடிவத்தில் ஓட்டினால் கோர் 2 டுவோ சிரமமில்லாமல் காட்டும். உலாவியில் வரும் விபி9, ஏவி1 வடிவங்களை விரிக்க அந்தக் காலத்துக் கிராஃபிக்ஸில் வன்பொருள் வசதி கிடையாது, முழுச் சுமையும் பிராசஸர் மேல் விழும்.

இப்போது தமிழ். எடை குறைக்கிறேன் என்று எழுத்துருக்களையும் மொழிக் கோப்புகளையும் வெட்டுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. தேவையற்ற மொழிக் கோப்புகளை நீக்கும் லொகேல்பர்ஜ் (localepurge) ஓட்டும்போது தமிழைக் காப்பாற்றுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் இரண்டையும் வையுங்கள், அவை எடுக்கும் இடம் மிகக் குறைவு. அதற்குப் பிறகு 'தொகுப்பு', 'கொடைக்கானல்', 'ஸ்ரீ' போன்ற சொற்களைப் பெயராகக் கொண்ட கோப்புகளை உருவாக்கி, அவை மெனுவில், விண்டோ தலைப்பில், டாஸ்க்பாரில், டெர்மினலில் எப்படித் தெரிகின்றன என்று பாருங்கள். பயர்பாக்ஸ், லிப்ரே ஆபிஸ், ஜிடிகே, க்யூடி நிரல்களில் ஹார்ஃப்பஸ் என்ற இயந்திரம் எழுத்துகளைச் சரியாகக் கோத்துவிடும். எடை குறைந்த நிரல்கள் சில அப்படி ஒரு இயந்திரம் இல்லாமலே எழுத்தை வரைகின்றன. அங்கே ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அப்படிப்பட்ட பேனலோ கோப்பு மேலாளரோ எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதை மாற்றுங்கள். தன் மொழியை உடைத்துக் காட்டும் கணினியில் ஒரு பிள்ளை தமிழ் எழுதப் பழகக் கூடாது.

தட்டச்சில் ஒரு நல்ல செய்தி. இன்ஸ்கிரிப்ட் முறையில் ஒரு விசைக்கு ஒரு குறியீடு என்பதால், எக்ஸ்கேபி விசைப்பலகை அமைப்பிலேயே அது வேலை செய்யும். பின்னணியில் எந்த நிரலும் ஓடத் தேவையில்லை, ரேம் செலவே இல்லை. தமிழ்99 அப்படி அல்ல. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் தானாகப் புள்ளி வைப்பது போன்ற விதிகளுக்கு முன்னால் வந்த எழுத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு எம்17என் என்ற விதித் தொகுப்பும், ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் (Fcitx) என்ற உள்ளீட்டு நிரலும் வேண்டும். ஆளைக் கேட்டு முடிவு செய்யுங்கள். தமிழ்99 பழகியவர்கள் வருவார்கள் என்றால், சில எம்பி போனாலும் அதைச் சேர்க்கத்தான் வேண்டும். எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்பதில் எனக்கு இந்த இடத்தில் சந்தேகமே இல்லை.

பொதுப் பயன்பாட்டுக்கு இன்னொரு யோசனை. முழு இன்ஸ்டால் செய்யாமல், ஆன்டிஎக்ஸின் ஃப்ருகல் முறையில், அதாவது லைவ் அமைப்பின் கோப்புகளை அப்படியே, ஹார்டு டிஸ்க்கில் வைத்து, மாற்றங்களைச் சேமிக்காமல் ஓடவிடுங்கள். ஒவ்வொரு ரீபூட்டிலும் கணினி புதிதாகிவிடும். முந்தையவரின் மின்னஞ்சல் திறந்தபடி கிடக்காது. கரண்ட் திடீரென்று போனாலும் கோப்பு அமைப்பு கெடாது. ஆனாலும் ஓடும்போது பிளக்கைப் பிடுங்கி, பூட் செய்து பார்க்கும் சோதனையைப் பட்டியலில் வையுங்கள். வேகத்துக்காக ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பிராசஸர் பாதுகாப்புக் குறைகளுக்கான தடுப்புகளை அணைக்கச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். என்270 போன்ற பழைய ஆட்டம்கள் கட்டளைகளை வரிசை மாற்றாமல் செய்பவை, அந்தத் தாக்குதல்கள் அவற்றைத் தொடுவதில்லை. கோர் 2 டுவோவில் தடுப்புகளால் கொஞ்சம் வேகம் குறையும். பலர் வந்து உலாவி திறக்கும் இடம் அது, அணைக்காதீர்கள்.

கடைசியாக, கண்டுபிடிக்கும் கோளாறுகளை உங்களுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். கர்னலிலிருந்தும் மெசாவிலிருந்தும் பழைய டிரைவர்கள் நீக்கப்படும்போது சொல்லப்படும் முக்கியமான காரணங்களில் ஒன்று, அதை இப்போது யாரும் சோதிப்பதில்லை என்பது. டிரைவரைப் பராமரிப்பவரிடம் அந்த வன்பொருளே இல்லாமல் இருக்கலாம். உங்கள் மேசையில் அது இருக்கிறது. எந்தக் கர்னலில் ஓடியது, எதிலிருந்து ஓடவில்லை என்று இரண்டு பதிப்பு எண்களைச் சொன்னாலே அவர் வேலை பாதி குறையும். வன்பொருள் விவரம் தரும் இன்க்ஸியின் (inxi) முழு அறிக்கையை இசட் (-z) தேர்வோடு எடுங்கள், சீரியல் எண்களையும் ஐபி முகவரியையும் அது மறைத்துவிடும். கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸேஜ் (dmesg) வெளியீட்டையும், பிசிஐ அட்டைகளின் அடையாள எண்களையும் சேர்த்துவிடுங்கள். என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்று மூன்று வரி போதும். டெபியன் பேக்கேஜ் என்றால் ரிப்போர்ட்பக் கருவி இதைத் தானே தொகுத்துத் தரும். அது மின்னஞ்சல் வழியாகப் போகிறது. நூலகக் கணினியில் மின்னஞ்சல் அமைக்க வேண்டியதில்லை, அறிக்கையை ஒரு கோப்பாகச் சேமித்து வீட்டுக் கணினியிலிருந்து அனுப்பிவிடலாம்.